குற்றம் மீட்டருடையதன்று

பழைய கார்களைப் பேணிக் காப்போரிடையிலும் அவற்றைப் பழுதுபார்க்கும் பட்டறைகளிலும் ஒரு கருத்து விவாதத்துக்கு இடமில்லாத உண்மையாகப் புழங்கிவருகிறது. டேஷ்போர்டில் உள்ள பெட்ரோல் மீட்டரோ டெம்பரேச்சர் மீட்டரோ தவறாகக் காட்டினால் அந்த மீட்டர் கெட்டுவிட்டது என்பதும், ஐம்பது அறுபது ஆண்டுகளைக் கடந்த கருவியிடம் துல்லியத்தை எதிர்பார்ப்பது வீண் என்பதும், ஆகவே அதைக் கழற்றிவிட்டு, வெளியே பழைய முகப்பின் சாயலும் உள்ளே மின்னணுச் சுற்றும் கொண்ட புதிய மீட்டரைப் பொருத்துவதே முறை என்பதும் அக்கருத்தின் சாரம். இது மூன்று கால்களில் நிற்கிறது. முதலாவது, அக்காலக் கருவிகள் இயல்பிலேயே துல்லியமற்றவை என்பது. இரண்டாவது, பிரிட்டிஷ் கார்களின் மின்னமைப்பு பிறவியிலேயே கோளாறு உடையது என்பது. மூன்றாவது, பழுதுபார்ப்பதைவிட மாற்றிவிடுவது மலிவானது, பாதுகாப்பானது என்பது. இவற்றுள் முதலாவது, கருவி இயங்கும் விதத்தை அறியாமையிலிருந்து பிறந்தது. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவதோ, பழுது எங்கே இருக்கிறது என்று தெரியுமுன்பே அதைச் சரிசெய்யும் செலவைக் கணக்கிடுவது.

மறுப்புக்குத் தக்க களம் 1950களிலிருந்து 1970கள் வரை வெளிவந்த பிரிட்டிஷ் கார்களே. குற்றச்சாட்டு மிகக் கடுமையாக விழுவது அவற்றின்மீதுதான். எம்.ஜி.பி., மோரிஸ் மைனர், டிரையம்ஃப் ஹெரால்டு முதலிய கார்களின் மீட்டர்கள் பெரும்பாலும் ஸ்மித்ஸ் நிறுவனத்திலிருந்தும், மின்கருவிகள் பர்மிங்காமைச் சேர்ந்த லூகாஸ் நிறுவனத்திலிருந்தும் வந்தன. இந்த வம்சம் பிரிட்டனோடு நின்றுவிடவில்லை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையை அடியொற்றி இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957 முதல் 2014 வரை தயாரித்த அம்பாசடரும், டிரையம்ஃப் ஹெரால்டை அடியொற்றிச் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அதே வேரிலிருந்து கிளைத்தவை. ஆகவே, இங்கே ஆராயப்படும் தர்க்கம் எங்கோ தூரத்தில் உள்ள சேகரிப்பாளர்களுக்கு மட்டும் உரியதன்று.

மீட்டரைக் குற்றஞ்சாட்டுவோர் முதலில் மறந்துவிடுவது, அது தனித்து நிற்கும் கருவி அன்று என்பதை. எம்.ஜி.பி. போன்ற ஒரு காரில் பெட்ரோல் அளவைக் காட்டும் மின்னோட்டம், பேட்டரியிலிருந்து புறப்பட்டு, இக்னிஷன் சுவிட்ச் வழியாக ஃபியூஸ் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து பச்சை வயரில் ஸ்டெபிலைசரை அடைந்து, பச்சையும் இளம்பச்சையும் கலந்த வயரில் மீட்டருக்குள் நுழைந்து, பச்சையில் கறுப்புக் கோடிட்ட வயர் வழியாகக் காரின் பின்கோடிவரை ஓடி, பெட்ரோல் டேங்கில் மிதவையோடு பொருத்தப்பட்ட டேங்க் யூனிட்டைக் கடந்து, டேங்கின் உலோகம், காரின் உடல், எர்த் பட்டை ஆகியவற்றின் வழியே பேட்டரிக்குத் திரும்புகிறது. இந்த நெடும் பாதையில் மழைநீரும் சேறும் படாமல், அதிர்வும் குறைந்து, கண்ணாடிக்குப் பின்னே மூடப்பட்டு இருப்பது மீட்டர் ஒன்றுதான். மற்ற இணைப்புகள் யாவும் துருவுக்கும் தூசிக்கும் திறந்து கிடப்பவை. பாதையின் எந்த இடத்தில் தடை ஏற்பட்டாலும் அதன் விளைவு தென்படுவது முள்ளில்தான் என்பதால், முள்ளையே காரணமாகக் கொள்வது, கெட்ட செய்தியைச் சொன்ன சாட்சியைக் கூண்டில் ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

இனி, அந்தச் சாட்சி எப்படிப் பேசுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். 1960களின் நடுப்பகுதியிலிருந்து இக்கார்களில் பரவலான பெட்ரோல், டெம்பரேச்சர் மீட்டர்கள் ஈருலோகப் பட்டையால் இயங்குபவை. வெப்பத்தால் வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகத் தகடுகளை ஒன்றாக ஒட்டினால் கிடைப்பது ஈருலோகப் பட்டை. சூடேறினால் அது ஒரு பக்கமாக வளையும். அதன்மேல் மெல்லிய கம்பிச் சுருள் சுற்றப்பட்டிருக்கிறது. டேங்க் யூனிட்டின் மின்தடை குறையக் குறையச் சுருளில் ஓடும் மின்னோட்டம் கூடும். பட்டை மேலும் சூடாகி வளையும். அதோடு பிணைந்த முள் நகரும். சாவியைத் திருப்பியவுடன் முள் துள்ளி எழாமல் மெல்ல ஊர்ந்து ஏறுவதற்குக் காரணம் இதுவே. கிழட்டுக் கருவியின் சோர்வு என்று பலர் பரிகசிக்கும் இந்த நிதானம் வேண்டுமென்றே அமைக்கப்பட்டது. வளைவுகளிலும் மேடுபள்ளங்களிலும் டேங்கில் பெட்ரோல் அலைபாயும்போது முள்ளும் சேர்ந்து ஆடாமல் இருக்க, மின்னணு உதவி ஏதுமின்றிச் சராசரியைக் காட்டும் வழி அது.

இத்தகைய மீட்டருக்கு நிலையான மின்னழுத்தம் தேவை. எஞ்சின் நின்றிருக்கையில் 12 வோல்ட் அளவில் உள்ள மின்னழுத்தம், டைனமோவோ ஆல்டர்நேட்டரோ மின்னூட்டும்போது 14 வோல்ட்டை எட்டும். அதை அப்படியே கொடுத்தால் டேங்கில் பெட்ரோல் கூடாமலே முள் ஏறும். இதைத் தடுக்கவே ஸ்டெபிலைசர் வைக்கப்பட்டது. அதன் உள்ளேயும் சுருள் சுற்றிய ஈருலோகப் பட்டைதான் இருக்கிறது. மின்னோட்டம் பாயும்போது சுருள் சூடாகிப் பட்டை வளைந்து கான்டாக்ட் விலகும். ஆறியதும் மீண்டும் சேரும். உள்வரும் மின்னழுத்தம் கூடினால் பட்டை விரைவில் சூடேறி, கான்டாக்ட் சேர்ந்திருக்கும் நேரம் குறையும். இவ்வாறு விட்டு விட்டுச் செல்லும் மின்சாரத்தின் சராசரி விளைவு 10 வோல்ட்டுக்கு நிகராக நிற்கிறது. மீட்டர்களும் மெதுவாக இயங்குபவை என்பதால் இந்தத் துடிப்பு முள்ளில் தெரிவதில்லை.

ஆதிக்கக் கருத்தின் பிழை வெட்டவெளிச்சமாவது இங்கேதான். ஸ்டெபிலைசரின் சுருளுக்கு எர்த் தேவை. பெரும்பாலும் அதன் தகர உறையைக் காரின் உடலோடு பிணைக்கும் ஒற்றைத் திருகாணிதான் அந்த எர்த். திருகாணியின் அடியில் துருவோ பெயின்ட்டோ படிந்து தொடர்பு அறுந்தால் சுருள் சூடாவதில்லை. சூடாகாத பட்டை வளைவதில்லை. வளையாததால் கான்டாக்ட் விலகுவதே இல்லை. பேட்டரியின் முழு மின்னழுத்தமும் மீட்டர்களுக்குப் போய்விடுகிறது. சுருளில் உண்டாகும் வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், 10 வோல்ட்டுக்குப் பதிலாக 14 வோல்ட் கிடைக்கும் மீட்டரில் ஏறத்தாழ இரண்டு மடங்கு வெப்பம் பிறக்கிறது. பாதி நிரம்பிய டேங்க் முக்காலுக்கு மேல் காட்டுகிறது. சரியான வெப்பத்தில் ஓடும் எஞ்சின் கொதிநிலையை நெருங்கிவிட்டதாகத் தோன்றுகிறது. உரிமையாளர் முதலில் தெர்மோஸ்டாட்டை மாற்றுகிறார். பிறகு ரேடியேட்டரைக் கழுவுகிறார். அதன்பின் டெம்பரேச்சர் மீட்டரைத் தூக்கி எறிகிறார். புதிதாக வாங்கியதும் அதே வகை மீட்டராக இருந்தால் அதுவும் அதே பொய்யைச் சொல்கிறது. பெட்ரோல் மீட்டரும் அதே வேளையில் கூட்டிக் காட்டுவதை அவர் கவனித்திருந்தால், உப்புத்தாளால் தேய்த்த ஒரு திருகாணியோடு வேலை முடிந்திருக்கும்.

இதிலிருந்து ஒரு விதி தானே கிடைக்கிறது. இரு மீட்டர்களும் ஒன்றாகத் தவறினால் அவற்றுக்குப் பொதுவான ஸ்டெபிலைசரிலோ, அதன் எர்த்திலோ, அதற்கு வரும் பச்சை வயரிலோ பழுது. ஒன்று மட்டும் தவறினால் அதற்கே உரிய வயரிலோ, டேங்க் யூனிட்டிலோ, எஞ்சினின் வெப்பத்தை உணரும் சென்சாரிலோ பழுது. இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே மீட்டரின்மேல் சந்தேகம் விழ வேண்டும். வெவ்வேறு பெட்டிகளில் உள்ள இரண்டு மீட்டர்கள் ஒரே நாளில், ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே அளவில் கெட்டுப்போவது நம்பத்தக்க நிகழ்வன்று. ஆயினும் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடும் பழக்கம் அந்த நம்பவியலாததை நம்பித்தான் நடக்கிறது.

இங்கே மாற்றுத்தரப்பினர் மல்டிமீட்டரைக் கையில் எடுப்பார்கள். ஸ்டெபிலைசரின் வெளிமுனையில் அளந்தால் 10 வோல்ட் வரவில்லை, எண்கள் பூஜ்யத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையே தாவுகின்றன, ஆகவே அக்கால அமைப்பே ஒழுங்கற்றது என்பது அவர்களின் வாதம். டிஜிட்டல் மல்டிமீட்டர் அந்தந்தக் கணத்து மின்னழுத்தத்தைப் படித்துக் காட்டுவது; ஸ்டெபிலைசர் தருவதோ சராசரி. எண்கள் தாவுவது அது செவ்வனே வேலை செய்வதன் அடையாளம். மாறாமல் பன்னிரண்டிலேயே நின்றால்தான் கவலைப்பட வேண்டும், பூஜ்யத்திலேயே நின்றால் கான்டாக்ட் கருகியிருக்கும் அல்லது மின்சாரமே வந்திருக்காது. சிறு பல்பு ஒன்றை இணைத்தால் அது விட்டு விட்டு எரிவதே போதிய சான்று. நவீனக் கருவியால் அளந்ததால் மட்டும் முடிவு நவீனமாகிவிடாது.

மீட்டரின் வகையை அறியாமல் தீர்ப்பு வழங்குவது இன்னொரு பரவலான பிழை. ஈருலோக வகைக்கு முன்பு வழக்கில் இருந்தவை அசையும் இரும்பு வகை மீட்டர்கள். இரண்டு காந்தச் சுருள்கள் ஒரு சிறு இரும்புத் துண்டைத் தத்தம் பக்கம் இழுக்க, அந்த இழுபறியின் விளைவாக முள் நிற்கும். இவற்றுக்கு ஸ்டெபிலைசர் வேண்டியதில்லை. மின்னழுத்தம் கூடினால் இரு சுருள்களின் இழுப்பும் ஒருசேரக் கூடிவிடும். சாவியைத் திருப்பியதும் முள் உடனே எழுந்தால் இந்த வகை, ஊர்ந்து எழுந்தால் ஈருலோக வகை என்று கருவியைத் திறக்காமலே கண்டுகொள்ளலாம். இரண்டின் நோய்க்குறிகளும் நேர் எதிரானவை. டேங்க் யூனிட்டின் வயர் அறுந்தால் ஈருலோக மீட்டர் காலி என்று காட்டும். அசையும் இரும்பு மீட்டர் நிறைவு என்று காட்டும். அதே வயர் எங்காவது உரசி எர்த்தில் பட்டால் விளைவு தலைகீழாகும். டேங்க் யூனிட்டுகளும் அவ்வாறே. ஈருலோக வகைக்கு உரியது டேங்க் காலியாக இருக்கும்போது ஏறத்தாழ 240 ஓம் மின்தடையும், நிரம்பியிருக்கும்போது 20 முதல் 30 ஓம் வரையிலும் தருகிறது. மற்ற வகைக்கு உரியது காலியில் பூஜ்யத்தை ஒட்டித் தொடங்கி நிறைவை நோக்கி ஏறுகிறது. பொருந்தாத டேங்க் யூனிட்டை யாரோ எப்போதோ மாட்டிவிட்டுப் போனால், எந்தப் பழுதும் இல்லாத மீட்டர் காலி டேங்கை நிறைவாகவும் நிறைந்த டேங்கைக் காலியாகவும் காட்டிக்கொண்டிருக்கும். அந்த மீட்டரை மாற்றுவதால் என்ன கிட்டும் என்பதை மாற்றச் சொல்வோரே விளக்க வேண்டும்.

ஐயத்தைத் தீர்க்கும் சோதனையும் எளியது. மீட்டரைக் கழற்றவே வேண்டாம். சாவியை அணைத்து, டேங்க் யூனிட்டிலிருந்து வயரை விடுவித்து, பெட்ரோல் ஆவி இல்லாத தொலைவில் அந்த வயரின் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே 25 ஓம் அளவுள்ள மின்தடைத் துண்டு ஒன்றை இணைத்துவிட்டுச் சாவியைப் போட்டால், ஈருலோக மீட்டரின் முள் நிறைவை நோக்கி ஏற வேண்டும்; 240 ஓம் துண்டை இணைத்தால் காலியை ஒட்டி நிற்க வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டர், ஸ்டெபிலைசர், நீண்ட வயர் மூன்றும் ஒரே சோதனையில் விடுவிக்கப்படுகின்றன. எஞ்சுவது டேங்க் யூனிட்டும் டேங்கின் எர்த்தும் மட்டுமே. பட்டறைகளில் வழக்கமாகச் செய்வதுபோல வயரை நேரே எர்த்தில் தொட்டுப் பார்ப்பது தவிர்க்க வேண்டிய முறை. இடையே தடை ஏதுமின்றி நெடுநேரம் தொட்டால் ஈருலோக மீட்டரின் சுருள் கருகவோ பட்டை நிரந்தரமாக வளைந்துவிடவோ கூடும். நல்ல மீட்டர்கள் பல இந்தச் சோதனையாலேயே கெட்டு, பின்னர் முதுமையால் கெட்டதாகக் கணக்கில் எழுதப்படுகின்றன. டெம்பரேச்சர் சென்சாருக்கோ கொதிக்கும் நீரே உரைகல். சென்சாரைக் கழற்றி, வயரோடும் எர்த்தோடும் இணைத்தபடி கொதிநீரில் அமிழ்த்தினால், 100 பாகை செல்சியஸில் முள் எங்கே நிற்கிறது என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்துவிடும்.

துல்லியமின்மை என்னும் முதற்குற்றச்சாட்டுக்கு இதற்குமேலும் ஒரு விடை உண்டு. ஸ்மித்ஸ் நிறுவனத்தின் ஈருலோக மீட்டர்களின் முதுகில் தக்கை அடைத்த இரண்டு சிறு துளைகள் இருக்கின்றன. உள்ளே பல்லமைந்த இரு நகர்த்திகள், ஒன்று அளவின் கீழெல்லையையும் மற்றது மேலெல்லையையும் திருத்துவதற்கு. மேற்சொன்ன மின்தடைத் துண்டுகளை இணைத்து வைத்துக்கொண்டு, மெல்லிய திருப்புளியால் இவற்றை நகர்த்தினால் முள் உரிய கோட்டுக்கு வந்துவிடும். காலப்போக்கில் அளவு சற்றே விலகும் என்பதை வடிவமைத்தவர்கள் அறிந்திருந்தார்கள். அதைத் திருத்தும் வழியையும் கருவியிலேயே வைத்தார்கள். அவ்வழியை ஒருமுறைகூடத் திறந்து பாராமல், திருத்த இயலாதது என்று முடிவுகட்டுவது கருவியின் குறையாகாது. அதற்கு மாற்றாக முன்மொழியப்படும் மூடிய மின்னணுக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு இத்தகைய வசதியே இல்லை என்பதும் நினைக்கத்தக்கது.

மின்சாரமே இல்லாத மீட்டர்களிலும் நிலைமை இதுதான். ஸ்பீடோமீட்டரின் உள்ளே, கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிளால் சுழலும் காந்தம் ஒன்று, தன்னைத் தொடாமல் சூழ்ந்துள்ள உலோகக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி அதை இழுக்க, மயிரிழை போன்ற சுருள்வில் எதிர்த்துப் பிடிக்க, இரண்டும் சமப்படும் இடத்தில் முள் நிற்கிறது. ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ட்ஸே 1902இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பில், ஒன்றோடொன்று உரசித் தேயும் பகுதிகள் மிகக் குறைவு. முள் நடுங்கினால் காரணம் பெரும்பாலும் கேபிளில்தான்: மசகு வறண்டிருக்கும், அல்லது ஆறு அங்குல ஆரத்துக்கும் குறுகலாக எங்கோ மடங்கியிருக்கும். மசகை அள்ளிப் பூசுவதும் தீங்கே. அது கேபிளின் சுழற்சியில் மேலேறி மீட்டருக்குள் புகுந்து கிண்ணத்தைக் காந்தத்தோடு ஒட்டவைத்துவிடும். கேபிளின் மேல்முனையில் சில அங்குலங்களை மசகின்றித் துடைத்துவிட்டுப் பூட்ட வேண்டும் என்று அக்காலக் கையேடுகள் வலியுறுத்தியது அதனால்தான்.

ஸ்பீடோமீட்டர் வேகத்தைத் தவறாகக் காட்டுகிறது என்ற புகாருக்கும் கணக்கிலேயே விடை கிடைக்கிறது. ஸ்மித்ஸ் முகப்பின் அடியில் அச்சிடப்பட்டிருக்கும் சிறு எண், ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை முறை சுழல வேண்டும் என்பதைக் குறிக்கிறது. கேபிளை மீட்டரிலிருந்து விடுவித்து, அதன் உள்கம்பியில் அட்டையாலான முள் ஒன்றைச் செருகி, பின்சக்கரங்கள் ஆறு முறை முழுமையாகச் சுழலும்வரை காரைத் தள்ளி, அட்டைமுள் சுற்றிய எண்ணிக்கையை 1680ஆல் பெருக்கி, சக்கர மையத்துக்கும் தரைக்கும் இடையே உள்ள தூரத்தை அங்குலத்தில் அளந்து அதனால் வகுத்தால், அந்தக் காருக்கு உண்மையில் தேவைப்படும் எண் கிடைக்கும். அட்டைமுள் ஒன்பதே காற்சுற்றுக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 9.125 முறை சுற்றி, சக்கர ஆரம் 12 அங்குலமாக இருந்தால் விடை 1277.5, முகப்பில் 1280 என்று இருந்தால் மீட்டர் காருக்குப் பொருத்தமானதே. முகப்பில் 1000 என்றோ 1400 என்றோ இருந்தால், யாரோ பின் ஆக்ஸிலின் விகிதத்தையோ டயரின் அளவையோ மீட்டரையோ இடையில் மாற்றியிருக்கிறார்கள். மாற்றிவிடும் பழக்கத்தின் விளைவு இங்கே மாற்றிவிடுவதற்கான காரணமாகவே திரும்பி வருகிறது.

கருவியே உடைந்துவிட்ட இடத்திலும் கைவிடுதல் ஒன்றே வழியன்று. முந்தைய டெம்பரேச்சர் மீட்டர்களில், எஞ்சினில் செருகப்பட்ட குமிழில் உள்ள ஈதர் சூடாகி ஆவியாக, அந்த அழுத்தம் மயிரிழைக் குழாய் வழியாக மீட்டரை அடைந்து, அரைவட்டமாக வளைந்த தட்டைக் குழாயை நிமிர்த்தி முள்ளை நகர்த்தும். பிரெஞ்சுக்காரரான யூஜென் பூர்தோன் 1849இல் காப்புரிமை பெற்ற குழாய்தான் அது. ஆயில் பிரஷர் மீட்டரிலும் அதே குழாய் இருக்கிறது. மயிரிழைக் குழாய் முறிந்தால் ஈதர் தப்பிவிடும், முள் அசையாது. இத்தகைய மீட்டர் குப்பைக்கே உரியது என்பார்கள். எனினும், அதே ஈதர் நிரம்பிய மலிவான வேறொரு மீட்டரின் குமிழைப் பனிக்கட்டியும் உப்பும் கலந்த பாத்திரத்தில் ஆழ்த்தி, உள்ளே உள்ள ஈதர் முழுவதும் திரவமாகித் தங்கியிருக்கையில் அதன் குழாயை வெட்டிப் பழைய மீட்டரோடு பற்றவைத்து உயிர்ப்பிக்கும் முறை பழுதுபார்ப்போரிடையே நெடுங்காலமாக இருந்துவருகிறது. ஈதர் எளிதில் தீப்பற்றும் என்பதால் இது தேர்ந்தவர் கைக்கே உரிய வேலை. ஆனால் செய்ய முடியாத வேலை அன்று.

இரண்டாவது கால், லூகாஸ் நிறுவனத்தைப் பற்றியது. இருளின் இளவரசன் என்று அந்நிறுவனத்துக்குச் சூட்டப்பட்ட கேலிப்பெயர் ஆங்கிலேயக் கார்கள் ஓடிய நாடுகளிலெல்லாம் பரவியிருக்கிறது. அதில் உண்மையே இல்லை என்று வாதிடுவது நேர்மையாகாது. பல சுற்றுகளை ஒரே ஃபியூஸில் தொங்கவிட்டதும், நீர் புகக்கூடிய குண்டுமுனை இணைப்புகளை நம்பியதும், எர்த்துக்குத் தகர உடலையே பெரிதும் சார்ந்திருந்ததும் உண்மையான குறைகள். ஆனால் இக்குறைகள் எவையும் மீட்டரின் குறைகள் அல்ல. மின்னமைப்பு மோசம் என்ற எடுகோளை முழுதாக ஒப்புக்கொண்டாலும் அதிலிருந்து பெறப்படும் முடிவு இணைப்புகளைத் துடைத்துச் செப்பனிட வேண்டும் என்பதே. அந்த இணைப்புகளின் கோடியில் இருக்கும் கருவியை மாற்ற வேண்டும் என்பதன்று. மேலும், அதே அமைப்பு வயர்களுக்கு ஒழுங்கான நிறக்குறியீட்டைக் கொண்டிருக்கிறது. கறுப்பு எர்த்துக்கு, வெள்ளை இக்னிஷனுக்கு, பச்சை ஃபியூஸ் கடந்த மின்சாரத்துக்கு, பச்சையில் நீலக்கோடு டெம்பரேச்சர் சென்சாருக்கு என்று வரைபடமே இன்றிப் பாதையைத் தொடர முடிகிறது. நினைத்த நிறத்து வயரை நினைத்த இடத்தில் செருகிய பிற்காலக் கைகளே அந்த ஒழுங்கைப் பெரும்பாலும் குலைத்தன.

இன்னும் கூர்ந்து பார்த்தால், இப்பழுதுகளில் பலவற்றைப் புதுப்பித்தலே பிறப்பிக்கிறது. காரைப் பிரித்து, உடலெங்கும் புது பெயின்ட் அடித்து, பளபளக்கும் திருகாணிகளால் மீண்டும் பூட்டும்போது, உலோகத்தோடு உலோகம் தொட வேண்டிய ஒவ்வோர் எர்த் இடத்திலும் பெயின்ட் படலம் இடையில் நிற்கிறது. முன்பு அழுக்கோடு ஓடியபோது சரியாகக் காட்டிய மீட்டர், அழகான பின்பு தவறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பழைய ஸ்டெபிலைசருக்குப் பதில் 10 வோல்ட் தரும் மின்னணுச் சில்லு ஒன்றை வைப்பது ஏற்கத்தக்க மாற்றமே. தேய்ந்த கான்டாக்டைவிட அது சீராக இயங்கும், மீட்டரையும் அது தொடுவதில்லை. ஆனால் அந்தச் சில்லுக்கும் எர்த் வேண்டும். எர்த் இல்லையேல் அதுவும் உள்வரும் மின்னழுத்தத்தை ஏறத்தாழ அப்படியே வெளியே விடும். அன்றியும், 1960களின் நடுப்பகுதிவரை இக்கார்களில் பல நேர்முனை எர்த் கொண்டவை, எம்.ஜி.பி. 1967இன் பிற்பகுதியில்தான் எதிர்முனைக்கு மாறியது. ஈருலோகப் பட்டைக்கு மின்னோட்டம் எந்தத் திசையில் ஓடினாலும் ஒன்றே. சில்லுக்கு அப்படியன்று, முனை மாறினால் அது எரிந்துபோகும். பழையது எல்லா வகையிலும் புதியதைவிடத் தாழ்ந்தது என்போர் இந்த இடத்தைக் கடந்தே செல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாவது கால், செலவும் பாதுகாப்பும். புதிய மீட்டர் தனியே வருவதில்லை. அதற்கேற்ற டேங்க் யூனிட், சென்சார், சென்சாரின் மரைக்கு ஏற்ற இணைப்பான் ஆகியவற்றையும் அது கேட்கிறது. அவற்றோடு புது வயரும் எர்த்தும் அமைக்கும்போது பழுது மறைந்தால், மறைத்தது அந்த வயரும் எர்த்துமே. பாராட்டு மட்டும் மீட்டருக்குப் போய்ச் சேர்கிறது. டெம்பரேச்சர் மீட்டர் பொய் சொன்னால் எஞ்சின் வெந்துபோகும், ஆகவே ஐயத்துக்கு இடமின்றி மாற்றிவிட வேண்டும் என்பதும் சொல்லப்படுகிறது. அந்த அச்சம் நியாயமானதே; அதிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் தவறு. எம்.ஜி.பி.யில் பச்சை வயர்கள் மீட்டர்களுக்கு மட்டுமன்றி இண்டிகேட்டர், பிரேக் விளக்கு, வைப்பர் ஆகியவற்றுக்கும் மின்சாரம் தருகின்றன. இண்டிகேட்டர் மின்னும்போதெல்லாம் பெட்ரோல் முள்ளும் சேர்ந்து அசைந்தால், ஃபியூஸ் பெட்டியின் கவ்விகளிலோ அதற்கு முந்திய இணைப்பிலோ எர்த்திலோ தடை வளர்ந்துவருகிறது என்று அது அறிவிக்கிறது; அதே தடை ஒருநாள் பிரேக் விளக்கை அணைத்துவிடலாம். அந்த அறிவிப்பைத் தரும் மீட்டரை அகற்றி, மின்னழுத்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாத கருவியை அவ்விடத்தில் வைப்பது முன்னெச்சரிக்கையை இழப்பதேயன்றிப் பாதுகாப்பைக் கூட்டுவதன்று.

மீட்டரே பழுதாகும் இடங்களும் உண்டு. அவற்றை மறைப்பது இம்மறுப்புக்கு வலு சேர்க்காது. சுருள் கருகிய மீட்டரும், சுருள்வில் சிதைந்த ஸ்பீடோமீட்டரும் தேர்ந்த கைக்குப் போக வேண்டியவை. காரின் முழு மின்னோட்டத்தையும் தன்னூடே விடும் பழைய அம்மீட்டர், 30 ஆம்பியர் எல்லைக்கு வகுக்கப்பட்டது. அதைவிட மிகுதியாகத் தரும் ஆல்டர்நேட்டரைப் பூட்டியபின் அதை அப்படியே விட்டுவைப்பது தீ விபத்துக்கு வழி, அங்கே வோல்ட்மீட்டரே தக்கது. இக்னிஷன் வயரின் மின்னோட்டத் துடிப்பை உணர்ந்து சுழற்சியைக் காட்டும் 1960களின் டாக்கோமீட்டர், மின்னணு இக்னிஷனைப் பொருத்தியபின் தடுமாறலாம். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய முகப்புகள் சிலவற்றில் எண்களுக்குப் பூசப்பட்ட ரேடியம் கலந்த ஒளிப்பூச்சு கதிர்வீச்சு உடையது என்பதால், அவற்றைத் திறந்து சுரண்டுவது எவருக்கும் தகாது. இந்த விலக்குகளில் அம்மீட்டரும் டாக்கோமீட்டரும் தாமாகக் கெட்டவை அல்ல. அவற்றைச் சூழ்ந்த அமைப்பு மாற்றப்பட்டதால் பொருந்தாமல் போனவை. ஒன்றை மாற்றினால் அது இன்னொன்றை மாற்றச் சொல்கிறது என்பதற்கு அவை சான்றாகின்றனவேயன்றி, மாற்றுவதே முதல் வழி என்பதற்கு அல்ல.

ஆகவே, நிரூபிக்கும் பொறுப்பு மாற்றச் சொல்வோருடையது. ஃபியூஸும் எர்த்தும் துடைக்கப்பட்டனவா, இரு மீட்டர்களும் சேர்ந்து தவறுகின்றனவா ஒன்று மட்டுமா, மீட்டர் எந்த வகை, டேங்க் யூனிட் அதற்கு உரியதா, அளந்தறிந்த மின்தடைக்கு முள் எப்படிப் பதிலளிக்கிறது, முதுகில் உள்ள நகர்த்திகள் தொடப்பட்டனவா என்னும் ஆறு கேள்விகளுக்கும் இந்த வரிசையிலேயே விடை சொன்னபின், எஞ்சும் குற்றம் மீட்டருடையது என்று ஒருவர் காட்டினால் அதை மாற்றுவதற்கு யாரும் தடை சொல்ல வேண்டியதில்லை. இக்கேள்விகளுக்கு ஒரு மல்டிமீட்டரும் இரு மின்தடைத் துண்டுகளும் ஒரு துண்டு உப்புத்தாளும் போதும். இவற்றைக் கேளாமலே மாற்றப்பட்ட மீட்டர், அது சரியாகவே காட்டினாலும், எந்தப் பழுது நீங்கியது என்பதை ஒருபோதும் தெரிவிக்காது. தெரியாத பழுதோ காரிலேயே இருக்கும்.